பல் இரசக்கலவைச் சர்ச்சை

பல் இரசக்கலவைச் சர்ச்சை என்பது சொத்தைப் பற்களை அடைக்கப் பயன்படும் பாதரசக் கலவை உடல்நலத்துக்குத் தீங்கானதா என்பது பற்றி 19-ஆம் நூற்றாண்டு முதல் நடைபெற்று வரும் விவாதத்தைக் குறிக்கும். பாதரசம் ஒரு நச்சுப் பொருள் என்பதிலும், வாயில் உள்ள அடைப்பிலிருந்து அது மிகச் சிறிய அளவில் ஆவியாகிறது என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் அந்த அளவு ஆல்சைமர் நோய், தண்டுவட மரப்பு நோய், மதியிறுக்கம் (ஆட்டிசம்), தீராத களைப்பு முதலியவற்றை உண்டாக்குகிறது என்ற கூற்றுக்கு ஆய்வுகள் ஆதரவு அளிக்கவில்லை.

தமிழகத்தில் பாதரசம் பற்றிய அச்சத்துக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்று உண்டு. கொடைக்கானலில் இயங்கி வந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றின் பாதரசக் கழிவு 2001-ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்நிகழ்வையும் பல் அடைப்பையும் ஒரே வகையாகக் கருதுவது சரியன்று. பாதரசத்தின் தீமை அதன் வடிவம், அது உடலுக்குள் செல்லும் வழி, அதன் அளவு ஆகிய மூன்றையும் பொறுத்தது.

பெயரும் பொருளும்

பாதரசத்துடன் வேறொரு உலோகம் சேர்ந்து உண்டாகும் கலவை இரசக்கலவை எனப்படும். பழைய முகம் பார்க்கும் கண்ணாடிகளின் பின்புறம் பூசப்பட்டது வெள்ளீய இரசக்கலவையே ஆகும். பூச்சு உதிர்ந்த கண்ணாடியை "ரசம் போன கண்ணாடி" என்று கூறும் வழக்கம் இதிலிருந்து வந்தது.

பல் இரசக்கலவையில் எடைப்படி ஏறத்தாழப் பாதி பாதரசம் ஆகும். மீதிப் பாதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவை சேர்ந்த உலோகத் தூள். சிலவற்றில் சிறிதளவு துத்தநாகமும் உண்டு. தூளும் பாதரசமும் கலக்கப்பட்டவுடன் களிமண் போன்ற பதம் கிடைக்கும். பல் மருத்துவர் இதனைக் குழியில் அழுத்தி நிரப்புவார். சில மணி நேரத்தில் பாதரசம் வெள்ளியுடனும் வெள்ளீயத்துடனும் வினைபுரிந்து புதிய திண்மச் சேர்மங்களாக மாறி இறுகிவிடும். அதன் பின்னர் அடைப்புக்குள் நீர்மப் பாதரசம் இருப்பதில்லை. 1960-களுக்குப் பின் செம்பு மிகுந்த தூள்கள் பயன்பாட்டுக்கு வந்ததால் அடைப்புகளின் உறுதி கூடியது, அரிமானம் குறைந்தது.

பொதுமக்கள் இதனை வெள்ளி அடைப்பு என்று அழைப்பர். பல்லின் நிறத்தில் வைக்கப்படும் பிசின் கலவை, கண்ணாடி அயனோமர் சிமெண்ட் ஆகியவை இதற்கான மாற்றுப் பொருட்கள் ஆகும். பேச்சு வழக்கில் எல்லா அடைப்புகளையும் "சிமெண்ட் வைப்பது" என்று கூறுவதால், தம் பல்லில் உள்ளது எந்தப் பொருள் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

பாதரசத்தின் வடிவங்கள்

பாதரசம் மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. உடலில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகச் செயற்படுகின்றன.

1. தனிம வடிவம்: வெப்பமானியில் காணப்படும் வெள்ளி நிற நீர்மம் இதுவாகும். இதனை விழுங்கினால் குடல் வழியாக உறிஞ்சப்படுவது 0.01 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் இதன் ஆவியைச் சுவாசித்தால் நுரையீரல் ஏறத்தாழ 80 விழுக்காட்டை உறிஞ்சிக் கொள்ளும். உறிஞ்சப்பட்ட ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் அடையும்.

2. கனிம உப்புகள்: இவை பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. சித்த மருத்துவ நூல்கள் இயற்கையில் கிடைக்கும் பாதரச சல்பைடை இலிங்கம் என்றும், குளோரைடு உப்புகள் இரண்டைப் பூரம் என்றும் வீரம் என்றும் தனித்தனியே பெயரிட்டு வேறுபடுத்துகின்றன. இவற்றுள் வீரம் கடுமையான நஞ்சு ஆகும்.

3. கரிம வடிவம்: மெத்தில் பாதரசம் இவ்வகையைச் சேர்ந்தது. நீர்நிலைகளில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீன்களின் உடலில் சேர்ந்து, மீன் உண்போரை அடைகிறது. ஜப்பானின் மினமாட்டா நகரில் 1956-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட கொடிய நரம்பு நோய்க்கு இதுவே காரணம்.

பல் அடைப்பிலிருந்து வெளிப்படுவது பெரும்பாலும் முதல் வடிவமான தனிமப் பாதரசத்தின் ஆவியே ஆகும். மினமாட்டாவில் நோயுற்ற குழந்தைகளின் படங்களைக் காட்டிப் பல் அடைப்பைப் பற்றி எச்சரிப்போர் இந்த வேறுபாட்டைக் குறிப்பிடுவதில்லை.

உடலுக்குள் செல்லும் அளவு

மெல்லும்போதும், பல் துலக்கும்போதும், உறக்கத்தில் பற்களைக் கடிக்கும்போதும் அடைப்பின் மேற்பரப்பு உராய்வதால் சிறிதளவு ஆவி வெளிப்படுகிறது. பல அடைப்புகள் உள்ள ஒருவரின் உடலுக்குள் இவ்வாறு செல்லும் பாதரசம் நாளொன்றுக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 1993-இல் ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மதிப்பிட்டது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இந்த அளவை விளங்கிக்கொள்ள ஒரு தோராயக் கணக்கு உதவும். ஒருவருடைய அடைப்புகளில் மொத்தம் அரை கிராம் பாதரசம் இருப்பதாகவும், நாள்தோறும் 5 மைக்ரோகிராம் வெளியேறுவதாகவும் கொள்வோம். அரை கிராம் என்பது 5,00,000 மைக்ரோகிராம். அது முழுவதும் தீர 1,00,000 நாட்கள், அதாவது ஏறத்தாழ 270 ஆண்டுகள் ஆகும். அடைப்பில் உள்ள பாதரசத்தில் மிகப் பெரும் பகுதி சேர்மமாகப் பிணைந்தே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

உடலில் சேர்ந்த பாதரசம் நிலையாகத் தங்கிவிடுவதும் இல்லை. அது சிறுநீர் வழியாகவும் மலத்தின் வழியாகவும் வெளியேறுகிறது. எனவே அடைப்பு உள்ளவர்களின் உடலில் பாதரச அளவு ஒரு சமநிலையை அடைகிறது.

வரலாறு

சீனாவில் கி.பி. 659-இல் தொகுக்கப்பட்ட மருந்து நூலில் வெள்ளிக் கலவையால் பல் அடைக்கும் முறை குறிப்பிடப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரைச் சேர்ந்த ஒகுஸ்த் தவோ வெள்ளி நாணயத் தூளையும் பாதரசத்தையும் கலந்து பற்களை அடைத்தார்.

முதல் இரசக்கலவைப் போர்

1833-இல் கிராக்கோர் சகோதரர்கள் இக்கலவையை "அரச கனிம மாற்று" என்ற பொருள்படும் பகட்டான பெயருடன் நியூ யார்க் நகருக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் சொத்தையை அகற்றாமலே குழியை அடைத்தனர். அடைப்புகள் விரைவில் பழுதடைந்தன. அக்காலத்தில் தங்கத் தகட்டால் பல் அடைத்து வந்த மருத்துவர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1840-இல் தோன்றிய அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் கழகம், இரசக்கலவையைப் பயன்படுத்துவதில்லை என்று உறுப்பினர்கள் உறுதிமொழி அளிக்க வேண்டும் என விதித்தது. மலிவான அடைப்பை நாடிய நோயாளிகள் பெருகியதால் உறுப்பினர்கள் பலர் விலகினர். 1850-இல் உறுதிமொழி கைவிடப்பட்டது. 1856-இல் கழகமே கலைந்தது. நச்சு பற்றிய கவலையுடன் தொழிற்போட்டியும் கைத்திறன் குறைவும் இவ்விவாதத்தில் கலந்திருந்தன. 1890-களில் ஜி. வி. பிளாக் கலவையின் விகிதத்தைச் சீர்செய்த பின்னர் அடைப்புகள் நம்பகமானவை ஆயின.

இரண்டாவது போர்

1926-இல் செருமானிய வேதியியலாளர் ஆல்பிரட் ஸ்டாக் பாதரச ஆவியின் கேடுகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் ஆய்வகத்தில் பாதரசக் கருவிகளுடன் பல ஆண்டுகள் பணியாற்றி, தலைவலி, நினைவாற்றல் குறைவு முதலியவற்றால் துன்புற்றவர். பாதரச ஆவியை இடைவிடாது சுவாசிப்பது தீங்கானது என்ற அவருடைய கருத்து சரியானதே. ஆய்வகக் காற்றில் அவர் சுவாசித்த அளவை, பல் அடைப்பிலிருந்து வரும் அளவுடன் நிகராகக் கொள்ள முடியாது.

மூன்றாவது போர்

1970-களிலும் 1980-களிலும் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல் மருத்துவர் ஹால் ஹக்கின்ஸ், இரசக்கலவை பலவகை நோய்களுக்குக் காரணம் என்று பரப்பினார். அடைப்புகளை நீக்கினால் தண்டுவட மரப்பு நோய் போன்றவை குணமாகும் என்ற நம்பிக்கையை அவரும் அவரைப் பின்பற்றியவர்களும் வளர்த்தனர். 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் "60 மினிட்ஸ்" நிகழ்ச்சி இக்கருத்தை ஒளிபரப்பியபின் அச்சம் விரைவாகப் பரவியது. ஹக்கின்சின் மருத்துவ உரிமம் 1996-இல் நீக்கப்பட்டது. ஆயினும் அவருடைய கருத்துகள் இணையம் வழியாக உலகெங்கும் பரவிவிட்டன.

ஆய்வு முடிவுகள்

அடைப்பு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிடுவது மட்டும் போதிய சான்று ஆகாது. அவர்களுடைய உணவு, வருமானம், பல் நலம் ஆகியவையும் வேறுபடும். இக்குறையைத் தவிர்க்கக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து இரண்டு பெரிய சோதனைகள் நடத்தப்பட்டன. இரண்டின் முடிவுகளும் 2006-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின.

* நியூ இங்கிலாந்து சோதனை: 6 முதல் 10 வயது வரையிலான 534 குழந்தைகள் 5 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு இரசக்கலவையும் மற்றொன்றுக்குப் பிசின் கலவையும் வைக்கப்பட்டன. அறிவுத்திறன், நினைவாற்றல், சிறுநீரகச் செயற்பாடு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

* லிசுபன் சோதனை: போர்த்துகல் நாட்டில் 8 முதல் 10 வயது வரையிலான 507 குழந்தைகள் 7 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். நினைவு, கவனம், கை இயக்கம், நரம்புகளில் செய்தி கடத்தும் வேகம் ஆகியவற்றில் இரு குழுக்களும் ஒத்திருந்தன.

இரசக்கலவை வைக்கப்பட்ட குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் சற்றுக் கூடுதலாக இருந்தது உண்மையே. நியூ இங்கிலாந்து சோதனையின் முடிவில் அது ஒரு கிராம் கிரியாட்டினினுக்குச் சராசரியாக 0.9 மைக்ரோகிராம், மற்றக் குழுவில் 0.6 மைக்ரோகிராம். பாதரச ஆவியிடையே வேலை செய்யும் தொழிலாளர்களிடம் நரம்பு, சிறுநீரக மாற்றங்கள் காணப்படுவது இதே அலகில் பல பத்து மைக்ரோகிராம் அளவுகளில் ஆகும்.

லிசுபன் சோதனையில் மற்றொரு செய்தியும் தெரியவந்தது. 5 ஆண்டுகளுக்குப் பின்னர், பிசின் கலவை வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு மீண்டும் பல் அடைக்கும் தேவை ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

அச்சத்தை வளர்க்கும் சோதனைகள்

எண்களைக் காட்டும் கருவிகள் நோயாளிகளிடம் எளிதில் நம்பிக்கையை உண்டாக்குகின்றன. அவற்றுள் இரண்டு முறைகள் பரவலாக அறியப்பட்டவை.

வாய்க்காற்றை அளத்தல்: நோயாளியைச் சிறிது நேரம் மெல்லச் செய்து, வாயிலுள்ள காற்றை ஆவிமானி கொண்டு அளப்பர். கிடைக்கும் எண்ணைத் தொழிற்சாலைக் காற்றுக்கான வரம்புடன் ஒப்பிடுவர். தொழிற்சாலை வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு உரியது. தொழிலாளி நாள் முழுவதும் பல கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். வாயில் இருப்பதோ சில பத்து மில்லிலிட்டர் காற்று மட்டுமே. எடுத்துக்காட்டாக, கருவி ஒரு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்று காட்டினால், 50 மில்லிலிட்டர் வாய்க்காற்றில் உண்மையில் இருப்பது 0.001 மைக்ரோகிராம். மேலும் மனிதர் பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிக்கின்றனர்; மெல்லுதலும் சிறிது நேரமே நடைபெறுகிறது.

தூண்டப்பட்ட சிறுநீர்ச் சோதனை: உலோகங்களைப் பிணைத்து வெளியேற்றும் கொடுக்கிணைப்பு மருந்தை முதலில் கொடுத்து, பின்னர் சிறுநீரை அளப்பர். இம்மருந்தை உட்கொண்டால் எவருடைய சிறுநீரிலும் பாதரசம் உயரும். அந்த எண்ணை மருந்து உட்கொள்ளாதவர்களுக்கான இயல்பு அளவுடன் ஒப்பிட்டால் நலமாக உள்ளவரும் நஞ்சேறியவராகத் தோன்றுவார்.

அச்சத்தினால் விளையும் தீங்குகள்

ஆதாரமற்ற அச்சம் நோயாளிகளுக்குப் பல வழிகளில் இழப்பை உண்டாக்குகிறது.

* நல்ல நிலையில் உள்ள அடைப்பைக் குடைந்து எடுக்கும்போது அதனைச் சுற்றியுள்ள பல்லின் நலமான பகுதியும் இழக்கப்படுகிறது. குழி ஆழமானால் பற்கூழ் பாதிக்கப்பட்டு, வேர் சிகிச்சையோ பல்லைப் பிடுங்குதலோ தேவைப்படலாம்.

* குடையும்போது எழும் வெப்பத்தாலும் தூளாலும் பாதரச வெளிப்பாடு தற்காலிகமாக உயர்கிறது. பாதரசத்தைத் தவிர்க்க எண்ணி அடைப்பை நீக்குபவர், வழக்கத்தை விடக் கூடுதலான பாதரசத்தை அன்று பெறுகிறார். தண்ணீர் தெளித்தல், உறிஞ்சு குழாய், ரப்பர் தடுப்புத் திரை ஆகியவை இதனைக் குறைக்கும்.

* கொடுக்கிணைப்பு மருந்துகள் உடலுக்குத் தேவையான கனிமங்களையும் வெளியேற்றுகின்றன. 2005-இல் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மதியிறுக்கத்துக்காக இச்சிகிச்சை அளிக்கப்பட்ட ஒரு சிறுவன், இரத்தத்தில் கால்சியம் வீழ்ந்ததால் இறந்தான்.

* களைப்பு, மறதி, கை நடுக்கம் ஆகியவற்றுக்கு உண்மையான காரணம் வேறாக இருக்கக்கூடும். பல் அடைப்பின் மேல் பழியைப் போடுவதால் தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, நரம்பு நோய் முதலியவற்றைக் கண்டறிவது தாமதமாகலாம்.

தமிழகத்தில் இதற்கு இணையான பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குறையும் என்பது அது. மேற்பற்களுக்குச் செல்லும் நரம்பு ஐந்தாவது மண்டை நரம்பின் கிளை. பார்வைக்குரியது இரண்டாவது மண்டை நரம்பு. இரண்டுக்கும் தொடர்பில்லை. இந்நம்பிக்கையால் சீழ்பிடித்த பல்லுடன் காலம் கடத்துவோர் உள்ளனர்.

உண்மையான இடர்கள்

அச்சங்கள் ஆதாரமற்றவை என்பதால் இரசக்கலவைக்கு எவ்விதக் குறையும் இல்லை என்று பொருளாகாது.

ஒவ்வாமை: மிகச் சிலருக்குப் பாதரசமோ கலவையிலுள்ள பிற உலோகங்களோ ஒத்துக்கொள்வதில்லை. அடைப்பை ஒட்டிய கன்னத்தின் உட்புறத்தில் வெண்கோடுகளுடன் கூடிய அழற்சி தோன்றலாம். இவர்களுக்கு அடைப்பை மாற்றுவது தகுந்த சிகிச்சையே ஆகும்.

பல் மருத்துவப் பணியாளர்கள்: பழைய முறையில் பாதரசமும் தூளும் சிறு கல்வத்தில் அரைக்கப்பட்டு, மிகுதியான பாதரசம் துணியில் பிழிந்து எடுக்கப்பட்டது. சிந்திய துளிகள் தரை இடுக்குகளில் தங்கி ஆவியாகும். காற்றோட்டமற்ற அறையில் ஆண்டுக்கணக்கில் பணிபுரிபவருக்கு இது நோயாளியின் வெளிப்பாட்டைக் காட்டிலும் பன்மடங்கு அதிகமாகும். அளவிட்டு மூடப்பட்ட குப்பிகள் வந்தபின் இவ்விடர் குறைந்துள்ளது.

சூழல்: அகற்றப்பட்ட அடைப்புத் துகள்கள் சாக்கடையில் கழுவிவிடப்பட்டால் அவற்றிலுள்ள பாதரசம் நீர்நிலைகளைச் சேரும். உடல்களை எரியூட்டும்போதும் அடைப்பிலுள்ள பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. பல் மருத்துவ இருக்கையின் வடிகாலில் பொருத்தப்படும் இரசக்கலவைப் பிரிப்பான் துகள்களின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது.

கொடைக்கானல் நிகழ்வு

பாதரசத்தின் உண்மையான தீமை எந்தச் சூழலில் எழுகிறது என்பதற்குக் கொடைக்கானல் எடுத்துக்காட்டாகும். பழனி மலையில் உள்ள இவ்வூரில் 1983-இல் தொடங்கப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கீழ் வந்தது. 2001-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் முஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கிடங்கு ஒன்றில் குவிந்து கிடப்பதைப் பொதுமக்களும் சூழல் அமைப்புகளும் வெளிப்படுத்தினர். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு ஐக்கிய அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பணியிடத்தில் பாதரச ஆவியைச் சுவாசித்ததால் நோயுற்றதாக முன்னாள் தொழிலாளர்கள் கூறினர். நிறுவனம் அதனை மறுத்தது. 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கு 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உடன்பாட்டின் மூலம் முடிவுக்கு வந்தது.

இத்தொழிற்சாலையில் கையாளப்பட்டது கட்டற்ற நீர்மப் பாதரசம். அது உடைந்து சிந்தும். அறைக் காற்றில் ஆவியாகக் கலக்கும். மண்ணிலும் நீரிலும் சேரும். பல் அடைப்பில் இருப்பது உலோகங்களுடன் பிணைந்த சிறிதளவு பாதரசம். முன்னதற்கு எதிராகப் போராடியதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பின்னதன் மேல் ஏற்றினால் நோயாளிக்குப் பயன் இல்லை; உண்மையான பாதரசக் கழிவின் மீதான கவனமும் சிதறுகிறது.

வால்பாறை போன்ற மலைப்பகுதிகளில்

பழனி மலையை மேற்கே ஒட்டியுள்ள ஆனைமலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் வால்பாறை அமைந்துள்ளது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இவ்வூர் பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 64 கி.மீ. தொலைவில் உள்ளது. வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று விதித்ததால் எஸ்டேட் மருத்துவமனைகள் ஏற்பட்டன. ஊரில் அரசு மருத்துவமனையும் உண்டு. சிறப்புச் சிகிச்சைக்கு மக்கள் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்க வேண்டியுள்ளது.

இத்தகைய இடங்களில் அடைப்புப் பொருளைத் தேர்ந்தெடுப்பது நடைமுறைச் சிக்கலாகும். இரசக்கலவை விலை குறைந்தது. எச்சில் ஈரத்தைத் தாங்கும். கடைவாய்ப் பற்களில் நீண்ட காலம் நிலைக்கும். பிசின் கலவை பல்லின் நிறத்தில் இருக்கும். பல்லை அதிகம் குடையத் தேவையில்லை. ஆனால் குழியை முற்றிலும் உலர வைத்து, ஒளி பாய்ச்சி, அடுக்கடுக்காக வைக்க வேண்டும். அடைப்பு விழுந்தால் தினக்கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மீண்டும் இழப்பாகும். கெடாத அடைப்பை அச்சத்தினால் நீக்குவதன் சுமை இங்கு நகரத்தைக் காட்டிலும் கூடுதல்.

மின்சாரமும் சுழல் கருவியும் இல்லாத இடங்களுக்கென 1980-களின் நடுவில் தான்சானியாவில் ஒரு முறை உருவாக்கப்பட்டது. இதில் கைக்கருவிகளால் சொத்தை சுரண்டப்பட்டு, கண்ணாடி அயனோமர் சிமெண்டால் குழி அடைக்கப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு 1994-இல் இம்முறையை ஊக்குவித்தது. பாதரசம் இல்லாத இம்முறை பள்ளி முகாம்களுக்கும் மலைக் கிராமங்களுக்கும் ஏற்றதாகும்.

கழிவைப் பொறுத்தவரை மலைப்பகுதிகளின் பொறுப்பு பெரிது. வால்பாறையைச் சுற்றியுள்ள நீராறு, சோலையாறு முதலிய ஆறுகளின் நீர் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியாகக் கொங்குச் சமவெளியின் வயல்களை அடைகிறது. மலையில் உள்ள ஒரு சிறு பல் மருத்துவ அறையும் அகற்றிய துகள்களை வடிகாலில் விடாமல் மூடிய கலத்தில் சேர்த்து, முறையான கழிவுச் சேகரிப்பாளரிடம் அளிக்க வேண்டும்.

பன்னாட்டு விதிகள்

நோர்வே 2008-இலும் சுவீடன் 2009-இலும் பல் இரசக்கலவையைத் தடை செய்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ஆம் ஆண்டு சூலை முதல் 15 வயதுக்கு உட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு இதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. 2025-ஆம் ஆண்டு சனவரி 1 முதல் மருத்துவத் தேவை உள்ள விதிவிலக்குகள் தவிர அனைவருக்கும் நிறுத்தியது.

2013-இல் ஜப்பானில் ஏற்கப்பட்ட பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017-ஆம் ஆண்டு ஆகத்து 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2014-இல் கையொப்பமிட்டு, 2018-ஆம் ஆண்டு சூனில் அதனை உறுதிப்படுத்தியது. முதலில் படிப்படியான குறைப்பை மட்டுமே கோரிய இவ்வுடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், 2025-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெனீவாவில் கூடி, 2034-ஆம் ஆண்டுக்குள் பல் இரசக்கலவையின் பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன.

இவ்விதிகளை அடைப்பு நஞ்சானது என்பதற்கான சான்றாக எடுத்துக்காட்டுவோர் உண்டு. இவற்றின் முதன்மை நோக்கம் பாதரசம் தோண்டி எடுக்கப்படுவதையும் விற்கப்படுவதையும் காற்றிலும் நீரிலும் சேர்வதையும் குறைப்பதாகும். குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு முன்னெச்சரிக்கையைச் சார்ந்தது.

தற்போதைய பரிந்துரைகள்

ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரையின்படி, கருவுற்றோர், கருவுற எண்ணுவோர், பாலூட்டுவோர், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், நரம்பு நோயோ சிறுநீரகக் குறைபாடோ உள்ளவர்கள், பாதரச ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோர் புதிய இரசக்கலவை அடைப்பை இயன்றவரை தவிர்ப்பது நல்லது. நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்பை மருத்துவக் காரணமின்றி நீக்க வேண்டாம் என்றும் அதே அறிவுரை கூறுகிறது.

அடைப்பில் விரிசல், அதன் ஓரத்தில் புதிய சொத்தை, வலி, அல்லது அடைப்பை ஒட்டிய வாய்ப்புண் இருந்தால் பல் மருத்துவரை அணுக வேண்டும். புதிதாகப் பல் அடைக்கும்போது எந்தப் பொருள் வைக்கப்படுகிறது என்று கேட்டறிந்து, விலை, பல்லின் இடம், நிலைக்கும் காலம் ஆகியவற்றைக் கருதி முடிவு செய்யலாம். உறுதியாக உள்ள பழைய வெள்ளி அடைப்பைப் பொறுத்தவரை, அது வாயில் இருப்பதாலேயே எந்தச் சிகிச்சையும் தேவைப்படுவதில்லை.